காற்றை அளக்கும் கணக்கு: விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியது

தாலுகா அலுவலகத்து மழைமானியை அறியாத விவசாயி இல்லை. காலை 8.30 மணிக்கு அதைப் பார்த்து, கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை மில்லி மீட்டர் மழை பெய்தது என்று குறிக்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் அந்த எண் வருகிறது. அங்கே 30 மி.மீ. பதிவானால், எட்டு கிலோ மீட்டர் தள்ளியிருக்கும் தம் வயலிலும் 30 மி.மீ. பெய்தது என்று எந்த விவசாயியும் எடுத்துக்கொள்வதில்லை. வயலில் இறங்கி ஈரத்தைப் பார்த்த பிறகே விதைப்பைத் தீர்மானிக்கிறார். எண் பொய்யல்ல. ஆனால் அது மழைமானி நிற்கும் இடத்தின் எண் என்பது அவருக்குத் தெரியும்.

காற்று மாசைப் பற்றி நாள்தோறும் வெளிவரும் எண்ணையும் இதே கண்ணோடுதான் படிக்க வேண்டும். தினமும் மாலை 4 மணிக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அதில் நகரத்தின் பெயர், காற்றுத் தரக் குறியீடு என்னும் எண், அதற்குரிய தரம், முக்கிய மாசு எது என்ற விவரம் ஆகியவை இருக்கும். கைபேசியில் பார்ப்பதற்கு 'சமீர்' என்ற செயலியும் உண்டு.

இது நகரவாசிகளின் விஷயம், நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டில்லியில் இந்த எண் ஏறும்போதெல்லாம் முதலில் அடிபடும் பெயர் விவசாயியின் பெயர்தான். அதே சமயம், செங்கல் சூளையின் புகையால் மாந்தோப்பு கெட்டாலும், சிமெண்டு ஆலைத் தூசியால் பயறு விளையாமல் போனாலும், அந்த எண்ணில் அது தெரிவதே இல்லை. குற்றம் சாட்டப்படும்போது எண் இருக்கிறது. நஷ்டப்படும்போது எண் இல்லை. ஆகவே இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று விவசாயிகள் அறிந்திருப்பது அவசியம்.

வடிதாளும் தராசும்

காற்றிலுள்ள தூசியை அளக்கும் பழைய முறை மிக எளிமையானது. ஏறத்தாழ எட்டு அங்குல அகலமும் பத்து அங்குல நீளமும் உள்ள கண்ணாடி இழை வடிதாளை, ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் வைத்து, நுண்தராசில் எடை பார்க்கிறார்கள். பிறகு அதைக் காற்றுறிஞ்சும் கருவியில் பொருத்தி, தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில், மரத்துக்கும் சுவருக்கும் ஒதுக்கமாக வைக்கிறார்கள். மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1.1 கன மீட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. பெரிய தூசி சுழற்காற்றில் ஒதுக்கப்பட்டு ஒரு கிண்ணத்தில் விழுந்துவிடும். நெல்லைத் தூற்றும்போது மணி ஒரு பக்கமும் பதர் ஒரு பக்கமும் போவதைப் போன்றதுதான் இது. நுண்ணிய தூசி மட்டும் வடிதாளில் படிகிறது.

எட்டு மணி நேரம் கழித்துத் தாளை எடுத்து மறுபடி எடை போடுகிறார்கள். அதற்குள் 528 கன மீட்டர் காற்று அந்தத் தாளைக் கடந்திருக்கும். தாளின் எடை 53 மில்லி கிராம் கூடியிருந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோ கிராம் தூசி இருந்தது என்பது கணக்கு. மைக்ரோ கிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வெள்ளைத் தாளாகப் போனது சாம்பல் நிறத்திலோ கறுப்பாகவோ திரும்பி வருவதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

வாயுக்களைப் பிடிப்பதற்கு, காற்றைக் கண்ணாடிக் குழாயிலுள்ள திரவத்தின் வழியே குமிழியிடச் செய்கிறார்கள். கந்தக டை ஆக்ஸைடு திரவத்தில் தங்கிவிடும். அதில் சாயப்பொருளைச் சேர்த்தால் நிறம் தோன்றும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, வாயு அவ்வளவு அதிகம். மண் பரிசோதனை நிலையத்தில் மணிச்சத்தைக் கண்டுபிடிப்பதும் ஏறக்குறைய இதே முறையில்தான்.

இந்தியாவில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இல் வந்தது. 1984-85இல் ஆக்ரா, அன்பரா ஆகிய இரண்டு இடங்களில் ஏழு நிலையங்களோடு தேசிய அளவிலான கண்காணிப்பு தொடங்கியது. இன்று நாட்டில் இத்தகைய கைமுறை நிலையங்கள் பல நூறு உள்ளன. ஆனால் ஒரு குறை. இவற்றில் வாரத்துக்கு இரண்டு நாட்கள், ஆண்டுக்கு 104 நாட்கள் மட்டுமே காற்றைப் பிடிக்கிறார்கள். மற்ற நாட்களில் என்ன நடந்தாலும் தாளில் ஏறாது. முடிவும் சில நாட்கள் கழித்துத்தான் கிடைக்கும். ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிய இது போதும். இன்று மாலை குழந்தையை வெளியே அனுப்பலாமா என்று தீர்மானிக்கப் போதாது.

அதற்காகத்தான் தானியங்கி நிலையங்கள் வந்தன. இவற்றில் தூசி ஒரு நாடாவில் படிகிறது. நாடாவின் ஊடே பீட்டா கதிர்களைச் செலுத்துகிறார்கள். தூசி கூடக்கூட, மறுபக்கம் வந்து சேரும் கதிர் குறைகிறது. அதைக் கொண்டு கருவியே எடையைக் கணக்கிட்டுவிடும். ஓசோன் வாயுவைப் புற ஊதாக் கதிரை வைத்து அளக்கிறார்கள். தகவல் இரவும் பகலும் தானாகவே வாரியத்தின் கணிப்பொறிக்குப் போய்விடுகிறது. 2024 அளவில் நாடு முழுவதும் இத்தகைய நிலையங்கள் ஐந்நூற்றுக்கும் மேல் இருந்தன. ஒரு நிலையம் அமைக்கவும் பராமரிக்கவும் பெரும் செலவு ஆவதால் அவை அநேகமாக நகரங்களிலேயே நிற்கின்றன. சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற இடங்களில் உள்ளன. சுத்திகரிப்பு ஆலைகள் சூழ்ந்த மணலியின் காற்றும், குடியிருப்புப் பகுதியான வேளச்சேரியின் காற்றும் ஒன்றல்ல. ஆனால் நகரத்துக்கென்று வெளியிடும் எண் இவற்றின் சராசரி.

எட்டில் மோசமானதே எண்

காற்றுத் தரக் குறியீடு 2015 ஏப்ரலில் முறைப்படி நடைமுறைக்கு வந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் துணையோடு இதை வகுத்தார்கள். எட்டு மாசுகளைக் கணக்கில் எடுக்கிறார்கள். 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசி, நைட்ரஜன் டை ஆக்ஸைடு, கந்தக டை ஆக்ஸைடு, கார்பன் மோனாக்ஸைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம் ஆகியவை அவை. அம்மோனியா விவசாயிக்கு நன்கு தெரிந்த வாசனை. தேங்கிய நீரில் யூரியாவை மேலாகத் தூவிவிட்டுப் போனால் தழைச்சத்தில் ஒரு பகுதி இந்த வாயுவாகத்தான் பறந்துபோகிறது. காற்றில் கலந்தபின் அது அமில வாயுக்களோடு சேர்ந்து நுண்தூசியாகவும் மாறுகிறது. காசும் போய், காற்றும் கெடுகிறது.

ஒவ்வொரு மாசுக்கும் தனித்தனியே 0 முதல் 500 வரை மதிப்பெண் போடுகிறார்கள். பிறகு எட்டையும் கூட்டுவதில்லை, சராசரியும் எடுப்பதில்லை. எது மிக மோசமோ, அதன் மதிப்பெண்ணே அந்த நிலையத்தின் எண். 50 வரை நல்லது, 100 வரை திருப்தி, 200 வரை மிதமான மாசு, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை என்று ஆறு தரங்கள். ஒவ்வொன்றுக்கும் பச்சையிலிருந்து அடர்சிவப்பு வரை ஒரு நிறம்.

உதாரணமாக நுண்தூசியை எடுத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 60 மைக்ரோ கிராம் இருந்தால் மதிப்பெண் 100. 90 இருந்தால் 200. ஒரு நாளின் சராசரி 75 என்றால், அது 60க்கும் 90க்கும் நடுவில் இருப்பதால் மதிப்பெண் 150. அன்று 10 மைக்ரான் தூசி 90 மைக்ரோ கிராம்தான் என்றால் அதன் மதிப்பெண்ணும் 90தான். இரண்டில் பெரியதான 150 வெளியாகும். பக்கத்தில் 'முக்கிய மாசு: பி.எம். 2.5' என்று போட்டிருக்கும். எண்ணைவிட இந்தக் குறிப்பையே முதலில் பார்க்க வேண்டும். 10 மைக்ரான் தூசி முக்கிய மாசு என்றால் பெரும்பாலும் சாலைப் புழுதி, கட்டட வேலை, உலர் மண் முதலியன காரணமாக இருக்கும். 2.5 மைக்ரான் என்றால் ஏதோ எரிகிறது என்று பொருள். டீசலாக இருக்கலாம், நிலக்கரியாக இருக்கலாம், குப்பையோ தாளோ விறகோ கூட இருக்கலாம். நுரையீரலின் அடிவரை போவதும் இதுதான்.

எண்ணை வெளியிடுவதற்கும் விதி உண்டு. குறைந்தது மூன்று மாசுகளின் அளவு தெரிந்திருக்க வேண்டும்; அவற்றில் ஒன்று தூசியாக இருக்க வேண்டும்; அந்த நாளில் குறைந்தது 16 மணி நேரத் தகவல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நிலையத்துக்கு எண் கிடையாது. மின்சாரம் நின்று கருவி படுத்துவிட்ட நாளில் நிலையத்துக்கு நேராக வெற்றிடம் இருப்பதைப் பார்க்கலாம். வெற்றிடம் என்றால் காற்று சுத்தம் என்று பொருளல்ல.

'திருப்தி' என்ற சொல்லையும் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். நுண்தூசிக்கு இந்தியா 2009இல் வகுத்த 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோ கிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 15. நான்கு மடங்கு வித்தியாசம். 55 மைக்ரோ கிராம் உள்ள நாளும் இங்கே திருப்தியான நாளே. வெளிநாட்டுச் செயலிகளில் அதே காற்றுக்கு வேறு எண் வருவதற்கும் இந்த வரம்பு வித்தியாசம் ஒரு காரணம். அவற்றில் பல, 24 மணி நேரச் சராசரியைக் காட்டாமல் அந்த நேரத்து அளவையே காட்டுவது மற்றொரு காரணம். மலிவு விலையில் விற்கும் சிறு கருவிகள் ஒளிச்சிதறலைக் கொண்டு தூசியை மதிப்பிடுபவை. பனி மூட்டத்தில் ஈரத் துளிகளையும் தூசியாக எண்ணி அதிகமாகக் காட்டிவிடும். நல்ல நிலையத்தின் அருகில் வைத்துச் சரிபார்த்த பிறகே அவற்றை நம்பலாம்.

சராசரி மறைப்பது என்ன?

ஒரு கிராமத்தில் மாலை 5 மணிக்குத் தாளுக்குத் தீ வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு 9 மணிவரை புகை வீட்டு வாசலில் கவிந்து நிற்கிறது. அந்த நான்கு மணி நேரமும் நுண்தூசி 300 மைக்ரோ கிராம். மீதி 20 மணி நேரமும் 30தான். சராசரி 75 வரும். குறியீடு 150, தரம், மிதமான மாசு. கண் எரிந்து, மூச்சு முட்டி, ஆஸ்துமாக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போன இரவு, கணக்கில் 'மிதமான' நாளாகப் பதிவாகிவிடுகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே மணி நேரத்தில் 60 மி.மீ. கொட்டி நாற்றங்காலை அடித்துக்கொண்டு போன மழையும், நாள் முழுதும் தூறிய 60 மி.மீ. மழையும் மழைமானியில் ஒன்றாகவே தெரிவதைப் போன்றதுதான் இதுவும்.

2018 ஜனவரி 13ஆம் தேதி, போகிப் பண்டிகையன்று, சென்னையில் பழைய பொருட்களை எரித்த புகை பனியோடு சேர்ந்து கவிந்து விமானப் போக்குவரத்தையே பாதித்தது. வெயில் ஏறியதும் மூட்டம் கலைந்தது. இப்போது போகி சமயத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னையின் 15 மண்டலங்களிலும் தனியாகக் காற்றை ஆய்வு செய்து முடிவை வெளியிடுகிறது. பண்டிகைக்கு முன்பும் அன்றும் எடுத்த அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே பயனுள்ள முறை.

மார்கழி, தை மாதங்களில் புகை தங்குவதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிட, அதன் மேல் வெப்பமான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. புகை மேலே போக வழியில்லை. ஒரு டன் நெல் வைக்கோலை எரித்தால் சுமார் 3 கிலோ நுண்துகள் வெளியேறுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த 3 கிலோ, ஒரு சதுர கிலோ மீட்டர் பரப்பில் 50 மீட்டர் உயரம்வரை உள்ள காற்று முழுவதையும் 60 மைக்ரோ கிராம் வரம்புக்குக் கொண்டுவரப் போதுமானது. அதே ஒரு டன்னோடு சுமார் 5.5 கிலோ தழைச்சத்தும் 25 கிலோ சாம்பல் சத்தும் மண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டியவை. சாம்பல் சத்தில் ஒரு பகுதியாவது சாம்பலோடு வயலில் தங்கும். தழைச்சத்து அநேகமாக முழுதும் போய்விடும்.

பஞ்சாபில் எண்ணப்படும் தீ

கிராமத்தில் நிலையம் இல்லாதபோது, விவசாயி வைத்த தீ மட்டும் எப்படிக் கணக்கில் வருகிறது? வானத்திலிருந்து எண்ணுகிறார்கள். டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கென ஒரு பிரிவு இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை, பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், டில்லி, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றில் எத்தனை இடங்களில் தீ எரிந்தது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாள்தோறும் அறிக்கை தருகிறார்கள். பஞ்சாபில் 2020இல் 83 ஆயிரத்துக்கு மேல் இருந்த எண்ணிக்கை, 2023இல் 36 ஆயிரமாகவும் 2024இல் 11 ஆயிரத்துக்குக் கீழும் இறங்கியது.

இறங்கியது உண்மைதான். ஆனால் எவ்வளவு இறங்கியது என்பதில் சந்தேகம் எழுந்தது. இந்தக் கணக்குக்குப் பயன்படும் முக்கியச் செயற்கைக்கோள்கள் பகலில் பிற்பகல் 1.30 மணியை ஒட்டியே நம் தலைக்கு மேல் கடக்கின்றன. 4 மணிக்கு வைத்து 6 மணிக்கு அணைந்துவிட்ட தீ அவற்றின் கண்ணில் படாது. ஒரே இடத்துக்கு மேல் நிலைத்து நின்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் எடுக்கும் செயற்கைக்கோள்களும் உண்டு. 2024இல் தென்கொரியாவின் அத்தகைய செயற்கைக்கோள் ஒன்றின் படங்களைப் பார்த்தபோது, மாலை நேரத்துத் தீ பெருகியிருப்பது தெரியவந்தது. தீயின் எண்ணிக்கை குறைந்த அளவுக்கு எரிந்த பரப்பு குறையவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அளப்பவர் வரும் நேரம் தெரிந்துவிட்டால், அளவு மாறிவிடுகிறது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்புச் சோதனை நடக்கும் நாள் தெரிந்தால் என்ன ஆகும் என்று விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தீ வைப்பதில் விவசாயிக்கு ஆசை எதுவும் இல்லை. நிலத்தடி நீரைக் காப்பதற்காகப் பஞ்சாப் அரசு 2009இல் கொண்டுவந்த சட்டம், ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்றது. நோக்கம் நல்லது. ஆனால் அறுவடை அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது. நவம்பர் நடுவுக்குள் கோதுமை விதைக்காவிட்டால் மகசூல் குறையும். இடையில் கிடைப்பது இரண்டு, மூன்று வாரங்களே. அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் ஓரடி உயரத் தாளை அதற்குள் அகற்றியாக வேண்டும். காற்று தளர்ந்து, மூட்டம் கவியத் தொடங்கும் பருவமும் அதுவே. தாளோடு சேர்த்தே கோதுமை விதைக்கும் 'ஹாப்பி சீடர்' போன்ற இயந்திரங்களுக்கு மானியம் தருகிறார்கள். ஆயினும் எல்லோருக்கும் தேவைப்படுவது அதே சில நாட்களில்தான். தீ வைத்தால், 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கப்பட்ட விகிதப்படி, இரண்டு ஏக்கருக்குக் கீழ் 5,000 ரூபாய், ஐந்து ஏக்கர்வரை 10,000, அதற்கு மேல் 30,000 ரூபாய் என்று அபராதம்.

டில்லியின் நுண்தூசியில் தாள் புகையின் பங்கு எவ்வளவு என்பதையும் கணக்கிட்டு வெளியிடுகிறார்கள். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் இதைச் செய்கிறது. தீ உச்சத்தில் இருந்து காற்றும் வடமேற்கிலிருந்து வீசும் சில நாட்களில் அது மூன்றில் ஒரு பங்கையும் எட்டியிருக்கிறது; பல நாட்களில் பத்து சதவிகிதத்துக்கும் கீழ். டிசம்பர், ஜனவரியில் தாள் எரிப்பது ஓய்ந்த பின்பும் டில்லியின் எண் 300, 400 என்று நிற்பதை அதே அறிக்கைகளில் பார்க்கலாம். பங்கு இல்லை என்று விவசாயி சொல்ல முடியாது. முழுப் பழியும் அவருடையது என்று மற்றவர்கள் சொல்வதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை.

தமிழ்நாட்டில் வைக்கோல் மாட்டுக்குத் தேவைப்படுவதால் பஞ்சாப் அளவுக்கு எரிப்பதில்லை. எனினும் இயந்திர அறுவடை பெருகிய பிறகு அரிதாளுக்குத் தீ வைப்பதும், வெட்டு முடிந்ததும் கரும்புத் தோகையைக் கொளுத்துவதும் இங்கும் உண்டு. வைக்கோலைக் கட்டும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் இடங்களில் அதைப் பயன்படுத்தலாம். கரும்பில் தோகையைப் பாருக்கு நடுவே பரப்பி மூடாக்காக்கினால் ஈரமும் நிற்கும், களையும் அடங்கும்.

பயிருக்கு வேறு கணக்கு

இதுவரை சொன்னது மனிதன் மூச்சுவிடும் கணக்கு. பயிரின் கணக்கு வேறு. அதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

பயிரை அதிகம் பாதிக்கும் காற்று மாசு ஓசோன். வானத்தின் மேல் அடுக்கில் அது காப்பு, தரையருகே விஷம். எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரடியாக அது வருவதில்லை. வாகனங்களும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் ஆவியாகும் கரிமப் பொருட்களும் வெயிலில் வினைபுரிந்து உண்டாகிறது. விசித்திரம் என்னவென்றால், நகரத்தின் நடுவே புதிதாக வெளிவரும் வாகனப் புகை ஓசோனைத் தின்றுவிடுகிறது. காற்றுப் போக்கில் தள்ளியிருக்கும் கிராமத்தில் அதைத் தின்ன ஆளில்லை. ஆகவே நகரத்தைவிட வயலில் ஓசோன் கூடுதலாக இருப்பது சாதாரணம். அளக்கும் கருவியோ நகரத்தில் இருக்கிறது.

இலைத்துளை வழியே உள்ளே போகும் ஓசோன், திசுக்களைச் சிதைத்து இலையை முன்னதாகவே முதுமையடையச் செய்கிறது. கோதுமை, சோயா, பயறு வகைகள் எளிதில் பாதிக்கப்படும். நெல் ஓரளவு தாங்கும். 2005ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து, புனே நிலைய விஞ்ஞானிகளும் மற்றவர்களும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓசோனால் இந்தியா அந்த ஓராண்டில் இழந்தது கோதுமையில் சுமார் 35 லட்சம் டன், நெல்லில் 21 லட்சம் டன்.

ஐரோப்பாவில் பயிருக்கென்று தனி அளவு வைத்திருக்கிறார்கள். காற்றில் நூறு கோடிக்கு 40 பங்குக்கு மேல் ஓசோன் இருக்கும் பகல் நேரத்தை மட்டும் எடுத்து, 40ஐத் தாண்டிய பகுதியை மணிக்கு மணி கூட்டிக்கொண்டே போகிறார்கள். மூன்று மாதத்தில் கூட்டுத்தொகை 3,000ஐத் தாண்டினால் கோதுமையில் சுமார் 5 சதவிகித மகசூல் இழப்பு. ஒரு வயலில் தினம் ஆறு மணி நேரம் ஓசோன் 50 பங்கு இருப்பதாகக் கொள்வோம். நாளுக்கு 60 சேரும். ஐம்பதே நாளில் 3,000 வந்துவிடும். இதே காற்றுக்குக் காற்றுத் தரக் குறியீட்டில் என்ன தரம் கிடைக்கும்? ஓசோனுக்கான எட்டு மணி நேர வரம்பு 100 மைக்ரோ கிராம், அதாவது ஏறத்தாழ 50 பங்கு. எட்டு மணி நேரச் சராசரி அதற்கும் கீழே நிற்பதால் 'திருப்தி' என்றே வரும். மனிதனுக்குத் திருப்தியான காற்றில் பயிர் மகசூலை இழந்துகொண்டிருக்கும்.

இலை காட்டும் அடையாளங்கள்

கருவி இல்லாத இடத்தில் செடியே ஓரளவுக்குக் கருவி. ஓசோனை எளிதில் காட்டிக்கொடுப்பதற்கென்றே ஒரு புகையிலை ரகத்தைப் பல நாடுகளில் நட்டுவைத்துப் பார்ப்பது உண்டு. அதன் இலையின் மேற்பரப்பில் வெளிர் புள்ளிகள் தோன்றும். பொதுவாக ஓசோன் பாதிப்பு முதிர்ந்த இலையில், மேல்பக்கத்தில், நரம்புகளுக்கு இடையே பொடிப் புள்ளிகளாகத் தொடங்கும். இலைப்பேன், சிலந்திப் பேன் ஆகியவையும் இதைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கும் என்பதால், கைக்கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தில் பூச்சி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். கந்தக டை ஆக்ஸைடு அதிகமானால் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளுத்துப்போகும். செங்கல் சூளைக்கு அருகிலுள்ள மாந்தோப்பில் காயின் நுனி கறுத்துப்போவதைக் கருநுனி என்பார்கள். வட இந்தியத் தோப்புகளில் இது நெடுங்காலமாகத் தெரிந்த தொல்லை. பூசணம் என்று நினைத்து மருந்தடித்துப் பணத்தை வீணாக்கியவர்கள் அநேகம். சிமெண்டுத் தூசி இலைமேல் பனியோடு சேர்ந்து பொருக்காக இறுகிவிடும்; விரலால் தேய்த்தாலே தெரியும்.

இத்தகைய பாதிப்பு இருந்தால் மாவட்டத்திலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்து மூலம் புகார் செய்யலாம். 'பயிர் கருகுகிறது' என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. அவர்கள் வந்து ஒரு நாள் காற்றை அளக்கும்போது காற்று வேறு திசையில் வீசக்கூடும். சராசரியும் வரம்புக்குள் வந்துவிடக்கூடும். ஒரு நோட்டில் தேதி, புகையோ தூசியோ வந்த நேரம், அது நீடித்த மணிகள், காற்று வீசிய திசை, பயிரின் வயது, ஆலைக்கும் வயலுக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை இரண்டு மாதமாவது குறித்துவர வேண்டும். அந்த நாட்களில் மருந்தோ உரமோ போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பாதிக்கப்பட்ட இலைகளைப் பறிக்கும்போது, புகைக்கு எதிர்ப்பக்கத்தில், அதே ரகம், அதே வயதுள்ள வயலிலிருந்தும் இலைகளைப் பறித்து, இரண்டையும் தனித்தனியே செய்தித்தாள் மடிப்பில் உலர வைத்து, மேலே தேதியும் சர்வே எண்ணும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.